மிஞ்சிய ஒரு சொல்

பிப்ரவரி 9, வெள்ளி

இந்த டைரி இவருடையது. வருடா வருடம் யூனியனில் கொடுப்பார்கள், வருடா வருடம் பீரோவுக்கு மேலே போய்ச் சேரும். ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை. இந்த வருடத்து டைரியை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ரைட்" என்றார்.

கூடாது என்று நினைத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஸ்ட்ரோக் வந்து இன்றைக்குப் பதினெட்டு நாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. முப்பத்தோரு வருடம் கவர்ன்மென்ட் பஸ்ஸில் கண்டக்டராக நின்று சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நேற்று மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கூட்டிப்போனோம். பெயர் பெனிட்டா, நாகர்கோவில் பக்கம். என் மகனைவிடச் சின்னவள். சிலருக்கு இப்படிப் பழக்கத்தில் ஊறின ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்றாள். முதல் மூன்று மாதம்தான் முக்கியமாம். காலையும் மாலையும் அரைமணி நேரம் நான் எதிரே உட்கார்ந்து படம் காட்டி, வாயசைத்து, சொல்ல வைக்க வேண்டும். விட்டுவிட்டால் பிறகு வருவது கஷ்டமாம்.

இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறாள். அவர் எப்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்கிறாரோ அப்போது உண்மையில் என்ன கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

"அவருக்கு ஒரு வார்த்தைதான் இருக்கும்மா. ஆனா சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு இல்ல. அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

அந்த நோட்டு தனி, ஜன்னலில் இருக்கிறது. இது எனக்கு.

பிப்ரவரி 10, சனி

காலை ஆறு மணிக்கு ஒரு ரைட். ஒன்றுக்குப் போக வேண்டுமாம். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் அதுதான் என்று நான்காவது முறை புரிந்தது, அதற்குள் மூன்று லுங்கி மாற்றியாகிவிட்டது. குட்டையாக, வெடுக்கென்று சொன்னால் ஃபேனை நிறுத்து. கஞ்சியில் உப்பில்லை என்பதற்கும் அதே வெடுக்குத்தான், ஆனால் முகம் கோணும்.

எதிர்வீட்டு டியூஷன் பிள்ளைகளின் குரல் கேட்கிறது. விடை சரியென்றால் டீச்சர் ரைட் போடுகிறாளாம். ஆட்டோக்காரன் ரைட்டில் திரும்பட்டுமா என்கிறான். காய்காரம்மா பேரம் படிந்ததும் "ரைட்டு, எடுத்துக்க" என்கிறாள். பார்க்கப் போனால் ஊரில் பாதி வேலை இந்த ஒரு வார்த்தையில்தான் ஓடுகிறது. இவர் ஒருத்தர்தான் முழு வேலையையும் அதில் ஓட்ட வேண்டியிருக்கிறது.

டாக்டர்கள்கூட "ரைட் சைடு போயிருச்சு" என்றுதான் சொன்னார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

சவரம் செய்யக் கற்றுக்கொண்டேன். இரண்டு இடத்தில் கீறல்.

பிப்ரவரி 18, ஞாயிறு

தினகரன் நேற்று ஓசூரிலிருந்து வந்தான். கம்பெனியில் சனி ஞாயிறு தவிர விடுமுறை கிடையாது. வந்தவுடன் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினான், காலைத் தேய்த்துவிட்டான். பிறகு அடுப்படிக்கு வந்து நின்று கேட்டான்.

"அன்னைக்கு நீ கெளம்புறப்ப அப்பா எப்படிம்மா இருந்தாரு?"

நன்றாக இருந்தார் என்றேன். காலையில் காப்பி கொடுத்துவிட்டுத்தான் நத்தத்துக்கு, என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன், மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் தரையில் கிடந்தார் என்றேன். ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னேன். காப்பி கொடுத்தது உண்மை.

பிப்ரவரி 21, புதன்

டிரைவர் ஜேசுராஜ் வந்திருந்தார். பதினொரு வருடம் ஒரே வண்டியில் இவரோடு ஓடினவர். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அழுதுவிட்டுப் போனார். இவர் அவரைப் பார்த்து ஒரு ரைட் சொன்னார் பாருங்கள், அது சந்தோஷம். எனக்கு அந்த மாதிரி ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

"அண்ணே குடுக்குற ரைட்டை நம்பி கண்ண மூடிட்டு வண்டிய எடுப்பேன் மதினி. பின்படில தலைய வெளிய விட்டு, கடைசி ஆளு கால் உள்ள வந்துருச்சான்னு பாத்துட்டுத்தான் குடுப்பாரு. லேட்டாயிருச்சுன்னு எத்தன பேரு கத்துனாலும் பாக்காம குடுக்க மாட்டாரு."

போகும்போது வாசலில் நின்று, இவர் விழுந்த அன்றைக்கு டெப்போவிலிருந்து காலை ஐந்து மணி முதல் மூன்று தடவை போன் அடித்தோமே, யாரும் எடுக்கவில்லையே என்றார். நான் நத்தம் போய்விட்டேன் என்றேன். சரி மதினி என்று போய்விட்டார்.

நான் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஆறு மணிக்கு.

பிப்ரவரி 27, செவ்வாய்

பயிற்சி இரண்டு வேளையும். 'ப' சொல்ல உதட்டைச் சேர்க்கிறார். சத்தம் வரவில்லை.

மார்ச் 4, திங்கள்

பெரிய டாக்டரிடம் போனோம். ஃபைலைப் புரட்டிவிட்டு, கடைசியாக அவரை நல்லபடியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஐந்து என்றேன். நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம், நீங்கள் வெளியூர் போனது துரதிர்ஷ்டம், உங்கள்மேல் தப்பில்லை என்றார். நல்ல மனிதர். அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது நாலரை மணி நேரத்தைக் கணக்குப் போட்டபடி வந்தேன். ஒன்பதரை. அந்த நேரத்தில் தம்பி வீட்டில் பால் பொங்கிற்று என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் குலவை போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

எழுதித்தான் வைக்க வேண்டும் என்றால் எழுதுகிறேன்.

இவர் விழுந்த அன்றைக்கு, நாங்கள் பேச்சை நிறுத்திப் பதினோரு நாள் ஆகியிருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு லீவு போடுகிறேன் என்று தம்பியிடம் சொன்னவர், அந்த லீவை இன்னொரு கண்டக்டருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அவன் பெண்டாட்டிக்குப் பிரசவமாம். என் தம்பி இவருக்கு அவ்வளவு இளப்பமா என்று கத்தினேன். "ரைட், விடு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் பேச்சையெல்லாம் இப்படித்தான் ஒரு ரைட் கொடுத்துப் பாதியில் கிளப்பிவிடுவார்.

எங்கள் வீட்டில் சண்டைக்கு ஒரு முறை உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் அறையில், நான் ஹாலில். காலை நாலேகாலுக்குக் காப்பியைக் கொண்டுபோய் அறைவாசலில் உள்ள ஸ்டூலில் வைத்து, டபராவில் டம்ளரால் இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்துவிடுவேன். அவர் குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். முகம் பார்க்கக் கூடாது. யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். இது பிள்ளை விளையாட்டு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒரு முறையும் நான் தோற்றதில்லை.

அன்றைக்குக் காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

மார்ச் 11, திங்கள்

ஜன்னல் ஓரத்துச் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டேன். துணி ஊறவைத்தேன்.

மார்ச் 15, வெள்ளி

இன்று இவரைச் சோதிக்கப் போய் நான் மாட்டிக்கொண்டேன்.

பெனிட்டா ஒரு யோசனை சொல்லியிருந்தாள். தினம் ஒப்பித்ததைச் சொல்லிக் காட்டினால் சிலசமயம் வார்த்தை தானாக வந்து விழுமாம். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, மேலூரிலிருந்து மதுரைக்குப் போகிற ஸ்டாப்பை வரிசையாகச் சொன்னேன். தெற்குத்தெரு என்றேன், "ரைட்." நரசிங்கம்பட்டி, "ரைட்." குரலில் கண்டக்டர் வந்துவிட்டார். இடது கை விசில் பிடிப்பது மாதிரி வாய்ப்பக்கம் போகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, இத்தனை நாளில் முதல் தடவை. நடுவில் வெள்ளரிப்பட்டியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, சிட்டம்பட்டி என்றேன்.

கட்டிலை இடது கையால் ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். வெள்ளரிப்பட்டி என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

அப்படியென்றால் எல்லாம் இருக்கிறது. ஒரு ஸ்டாப்புகூட விட்டுப்போகாமல் உள்ளே இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 18, திங்கள்

காலைப் பயிற்சி இல்லை. மாலையும் இல்லை. ஜன்னல் நோட்டில் இரண்டும் செய்ததாக எழுதினேன்.

மார்ச் 23, சனி

இந்த வாரம் ஒரே ஒரு நாள்தான் பயிற்சிப் படங்களை எடுத்தேன். உடம்பு அசதி. மாவரைத்தது, மெத்தை காயவைத்தது, மருந்துக் கடைக்கு இரண்டு நடை, எங்கே நேரம். இவர் காலை எட்டு மணியானால் படக்கட்டைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். "ரைட்" என்கிறார். என்ன கேட்கிறார் என்று புரியவில்லை என்று நோட்டில் எழுதினேன்.

மார்ச் 28, வியாழன்

பெனிட்டாவுக்குக் கவலை. இவர் கண்ணில் இவ்வளவு தெளிவு இருக்கிறதே, வீட்டில் இவ்வளவு செய்கிறீர்களே, ஏன் நகரவில்லை என்று நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களை மாதிரி எழுதுறவங்க யாருமே இல்லம்மா" என்றாள். இன்னும் நாலு வாரம் இருக்கிறது என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தினகரன் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லைன்னா அப்பா இல்லம்மா" என்றான். தெருவிலும் இதே பேச்சு. சௌந்தரம் மாதிரி புருஷனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்கிறார்களாம். தாங்க முடியவில்லை. யாராவது திட்டினால் தேவலாம்.

நடந்தது இதுதான். அன்று ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அறைக்குள்ளே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து போனேன். ஸ்டூலில் காப்பி இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது, கையை நீட்டித் தள்ளினால் திறந்துவிடும். உள்ளே போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. வேலைக்கு ஒரு நாள் தாமதமாகப் போனவரில்லை, எனக்குத் தெரியாதா? என்னைக் கூப்பிட வைக்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, நினைத்துக்கொள்ளவில்லை. அப்படி நினைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். பயம் வந்ததும் உண்மை. பட்டுப்புடவையைக் கட்டினேன், பூ வைத்தேன். திரும்பவும் ஒரு தடவை அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். உள்ளே இருந்து ஏதோ முனகல் மாதிரி வந்தது.

நான் தோற்கவில்லை. ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

என் கொலுசுச் சத்தம் கதவுவரை வந்து திரும்பிப் போனது இவருக்குக் கேட்டிருக்கும். பேச்சு வந்தால் முதலில் அதைத்தான் சொல்வார். அதனால்தான் படங்களை எடுக்கவில்லை. போதுமா?

ஏப்ரல் 12, வெள்ளி

திங்களிலிருந்து இரண்டு வேளையும் உட்கார்கிறேன். நிஜமாகவே. வீணாய்ப்போன மூன்று வாரத்தை எங்கே போய் எடுப்பது.

ஏப்ரல் 14, ஞாயிறு. சித்திரை ஒன்று

தினகரன் இந்த வாரம் வரவில்லை, வியாழக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். வேப்பம்பூப் பச்சடி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். முகத்தைக் கோணி ஒரு ரைட் சொன்னார், இது 'போதும்' ரைட். பிறகு நாற்காலியை வாசல் வெளிச்சத்தில் போட்டுச் சவரம் செய்ய உட்கார்ந்தேன்.

சவரத்தில் ஒரு சங்கடம், முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். தாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இவர் கண்ணுக்கு நேரே என் கண். ஒரு கன்னம் முடிந்தது. அடுத்த கன்னத்தில் சோப்பு போட்டபடியே சொல்லிவிட்டேன்.

"ஏங்க, அன்னைக்கு நீங்க விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கதவுக்கிட்ட ரெண்டு தடவை வந்தேன். தெறக்கல. போன் அடிச்சதும் கேட்டுச்சு. தெரிஞ்சுதான் போனேன்."

பயிற்சியில் செய்த திருட்டையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

தாடையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். ஒரு பக்கம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. உதட்டைச் சேர்த்தார். அந்த 'ப' எத்தனை நாள் கெஞ்சியும் வராத 'ப'.

"போ."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏப்ரல் 15, திங்கள்

போ. காலையில் ஒன்று, கஞ்சி கொண்டுபோனபோது ஒன்று, விளக்கேற்றும்போது ஒன்று.

ஏப்ரல் 16, செவ்வாய்

என் கையால் சாப்பிடவில்லை. இடது கையால் தானே அள்ளிச் சாப்பிட்டார், பாதி மடியில். துடைக்கப் போனால் "போ." எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னேன். எனக்குக் கோபம் வரவில்லை. பயமும் இல்லை, அதுதான் ஆச்சரியம். நத்தத்துக்குப் போய்விடலாமா என்று மட்டும் நினைத்தேன். இவர் கேட்கிறார், போவதுதானே மரியாதை. தினகரன் வரட்டும்.

ஜன்னல் நோட்டில் எழுதினேன்: புது வார்த்தை, 'போ'. என்ன கேட்டார் என்ற இடத்தில், நான் போக வேண்டும்.

ஏப்ரல் 18, வியாழன்

பெனிட்டா நோட்டைத் திறந்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம். ஒரு வேலையைச் சொல்கிற வார்த்தை வந்துவிட்டது, இனி வழி திறந்த மாதிரி என்று தினகரனிடம் சொன்னாள். அவனும் அப்பாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"எப்ப வந்துச்சும்மா? நீங்க அப்ப என்ன பேசிட்டிருந்தீங்க?"

சொன்னேன். இவர் முன்னால், மகன் முன்னால், இவரிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். காப்பியிலிருந்து ஆரம்பித்து, செய்யாத பயிற்சியைச் செய்ததாக எழுதிய நாட்கள்வரை. பெனிட்டா கையிலிருந்த பேனாவை மூடிவிட்டாள். தினகரன் எழுந்து வராந்தாவுக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, என் பக்கத்தில் இருந்த நாற்காலியை விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றான்.

பாவம் அந்தப் பெண், அவளுக்கு அவள் வேலை இருக்கிறது. இவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அம்மாகிட்ட சொன்னீங்கல்ல, அந்த வார்த்தை. அம்மாவைப் பாத்து இன்னொரு தடவை சொல்லுங்க."

நான் தலையைக் குனியவில்லை. சொல்லட்டும், எல்லோரும் கேட்கச் சொல்லட்டும் என்று நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடு சேர்ந்தது, பிரிந்தது.

"ரைட்."

பெனிட்டா மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அதுவேதான். புது வார்த்தை சில நாள் வரும், சில நாள் ஒளிந்துகொள்ளும், மனம் தளர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பையை எடுத்து இரண்டு புடவையை வைத்தேன். தினகரன் பார்த்தான், தடுக்கவில்லை. அப்பாவைக் கொல்லைப்புறக் கதவோரம் உட்காரவைத்துத் தட்டில் இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார். ஒரு காக்கை மதிலிலிருந்து இறங்கி, தத்தித் தத்தித் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது.

"போ" என்றார்.

காக்கை நகரவில்லை.

"போ. போ."

திக்காமல், திணறாமல், தெருமுனைவரை கேட்கிற கண்டக்டர் குரல். தினகரன் போனை இறக்கிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். மத்தியானத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அம்மா, அவருக்கு வருதும்மா."

வருகிறது. பெனிட்டா முன்னாலும் வந்திருக்கும். நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன், சொல்லச் சொன்னார்கள், வாயில் இருந்தது. இவரிடம் இப்போது இரண்டு வார்த்தை இருக்கிறது, எடுத்தது அதையல்ல. மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்குத் துணிச்சல் கிடையாது, அப்படி இருக்கவும் இருக்காது. என்னைப் போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புடவைகளைத் திரும்பப் பீரோவில் வைத்தேன்.